முஸ்தபா பெட்டியும் பேட்டரித் தண்ணீரும்

“தம்பி, பெட்டிய எடைக்குப் போட்டுடலாம்னு மாப்ள சொல்றாரு. நீ ஒரு நடை வந்து பாத்துட்டுச் சொல்லேன்.”

அக்கா போன் செய்தது 2023 டிசம்பர் 8-ஆம் தேதி. மிக்ஜாம் புயல் மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. வேளச்சேரியில் அவர் வீடு தரைத்தளம். தண்ணீர் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டு வடிந்திருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, “சுவிட்ச் போட்டுப் பாத்தீங்களா?” என்பதுதான். “நேத்துதான் தெருவுக்கே கரன்ட் வந்துச்சு. அதை யாரும் தொடல” என்றார். எனக்கு மூச்சு வந்தது. “தொடாதீங்க. பிளக்கைக் கழட்டி மேல கட்டி வைங்க. காலைல வரேன்” என்றேன்.

அந்தப் பெட்டியில் என் கையும் இருக்கிறது. 1997-ல் அக்காவின் கணவர் (நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) வடபழனிப் பக்கம் சினிமா செட் போடும் ஆசாரி. வேலை இல்லாத ஒரு மாதத்தில், வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் பெட்டி செய்தார். நான் அப்போது டிவி மெக்கானிக்காகக் கடை வைத்த புதிது. உள்ளே ஒயரிங் மட்டும் என்னுடையது. ரிச்சி தெருவில் வாங்கிய நகல் போர்டு, பழைய 20 இன்ச் கலர் டிவியின் டியூப், இரண்டு பேர் ஆட ஜாய்ஸ்டிக். கேப்காம் கம்பெனி 1993-ல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ ஆட்டம். அந்தப் பெயரை எங்கள் தெருவில் ஒருவரும் சொன்னதில்லை. அதில் தொப்பி போட்டுக்கொண்டு ஓடி வந்து உதைக்கும் முஸ்தபாவின் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். அதில் வந்த காசில் அந்த வீட்டில் பள்ளிக்கூட பீஸ் கட்டியிருக்கிறார்கள். அண்ணன் போய்ச் சில வருடம் ஆகிறது. பெட்டி மட்டும் ஹாலில் நின்றது. இப்போது பேரன் ஆடுகிறான்.

வீட்டில் பண்ணிய பெட்டி சரியாக ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானிய கேம் மெஷின் தயாரிப்பாளர்கள் 1985-ல் ‘ஜாமா’ என்று ஒரு பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். போர்டின் ஓரத்தில் ஒரு பக்கத்துக்கு 28 வீதம் 56 விரல்கள். இந்த விரலில் 5 வோல்ட், இந்த விரலில் சிவப்பு நிறம், இந்த விரலில் காசு விழுந்த சேதி என்று எல்லாம் முன்கூட்டியே முடிவானது. அது தெரிந்தால் போதும், வடபழனித் திண்ணையிலும் பெட்டி செய்யலாம். நகல் போர்டு செய்தவர்களும் அதே வரிசையைத்தான் வைத்தார்கள்.

மறுநாள் போனபோது வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் நெடி. கிருமி போகட்டும் என்று அக்கா பெட்டியின் அடியிலும் தூவியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரே அதைத்தான் செய்தது. ஆனால் அந்தக் குளோரின் செம்பையும் இரும்பையும் தின்னும். கதவுக் கீல்கள் அதற்குள்ளேயே செம்மண் நிறமாகியிருந்தன. முதல் வேலையாகப் பவுடரை ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன்.

பெட்டியின் பக்கப் பலகையில் சகதிக் கோடு நேராக நின்றது. டேப் வைத்தேன்: தரையிலிருந்து 31 அங்குலம். வெள்ளத்தில் நனைந்த எதையும் பார்க்கும்போது நான் இந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பேன். கோட்டுக்குக் கீழே பவர் சப்ளை, ஸ்பீக்கர், காசுப் பெட்டி. கோட்டுக்கு மேலே டியூப், ஜாய்ஸ்டிக் பலகை. கேம் போர்டுக்கு நடுவில் கோடு. பக்கப் பலகையில் செங்குத்தாக மாட்டியிருந்ததால், கீழ்ப் பாதி இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறியிருந்தது. மேல் பாதிக்கு ஒன்றுமில்லை.

“எவ்ளோ ஆகும் தம்பி?” என்றார் அக்கா. பிரிட்ஜ், மெத்தை, பீரோவின் அடித்தட்டு எல்லாம் போயிருந்தன. “இப்ப ரெண்டாயிரம் தரேன். ரேஷன் கடைல வெள்ள நிவாரணம் ஆறாயிரம் தராங்களாம், வந்தா இன்னொரு ரெண்டாயிரம்.” மொத்தம் 4,000. உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு எல்.சி.டி. மானிட்டரும், நூற்றுக்கணக்கான ஆட்டம் உள்ள புதுச் சீன போர்டும் வைக்கலாம் என்றார் மாப்பிள்ளை. கெட்ட யோசனை இல்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு அவை இரண்டும் வராது. நல்ல டியூப் ஒன்று நனையாமல் நிற்கும்போது அதைத் தூக்கிப்போட எனக்கு மனமும் வரவில்லை.

அவசரப்படக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது 2015. அந்த டிசம்பரில் அடையாறு பொங்கி ஜாபர்கான்பேட்டை முழுகியபோது, திருவிழாக்களில் கேம் பெட்டி போட்டுப் பிழைத்த ஒருவர் தன் போர்டைக் கொண்டுவந்தார். தண்ணீரில் அலசினேன், ஹேர் டிரையர் பிடித்தேன், மூன்றாம் நாள் கரன்ட் கொடுத்தேன். ஓடியது. இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். நாற்பது நாள் கழித்து அது செத்துப்போய்த் திரும்பி வந்தது. ஐசிகளை சாக்கெட்டிலிருந்து பிடுங்கிப் பார்த்தால், அடியில் சகதி அப்படியே ஒட்டியிருந்தது. சகதி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்துக் கால்களில் ஒன்றில் 5 வோல்ட், இன்னொன்றில் பூஜ்யம் என்றால், நடுவில் உள்ள ஈரச் சகதி முலாம் பூசும் தொட்டி மாதிரி வேலை செய்யும். பிளஸ் பக்கச் செம்பு கரைந்து கரைந்து போய்விடும். தடங்கள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. அவர் என்னிடம் காசு கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. அந்த வருஷத் திருவிழாக்கள் அவருக்குப் போயின. அதை நான் மறக்கவில்லை.

ஆகவே இந்த முறை முதல் இரண்டு வாரம் காய வைப்பது மட்டும்தான். பின் கதவைக் கழற்றி, பெட்டியை நான்கு செங்கல் மேல் ஏற்றி, அடியிலிருந்து மேலே காற்று போகும்படி டேபிள் ஃபேன் வைத்தோம். மொட்டை மாடி வெயிலில் வைக்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். நனைந்த பிளைவுட்டை வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து அப்பளம் மாதிரி வளைந்துவிடும். நிழலில் காற்றுதான் சரி. காய்ந்ததா என்று பார்க்க ஒரு பால் கவரை வெட்டி, பலகையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கவருக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் பலகை இன்னும் ஈரம். பேரனுக்கு அந்த வேலையைக் கொடுத்தேன். தினமும் காலையில் போன் செய்து, “அங்கிள், இன்னைக்கும் தண்ணி இருக்கு” என்பான். பதின்மூன்றாம் நாள், “இல்ல அங்கிள்” என்றான்.

அதற்குள் போர்டை என் கடைக்கு எடுத்துவந்துவிட்டேன். அதைக் கழற்ற டியூப் பக்கம் கை வைக்கும் முன், பழைய திருப்புளி ஒன்றில் ஒயர் கட்டி, மறுமுனையை டியூபின் பின்புறத்தைச் சுற்றியிருக்கும் எர்த் ஜடையில் மாட்டி, ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்துத் தொட்டேன். அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பல நாள் கரன்ட் இல்லாவிட்டாலும் இதைச் செய்யாமல் நான் டியூபைத் தொடுவதில்லை. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் கையில் அந்தத் தழும்பு இருந்தது.

போர்டைக் கழுவ வேண்டும். தண்ணீரில் கெட்டதைத் தண்ணீரால்தான் கழுவ முடியும். ஆனால் எங்கள் பக்கத்து மோட்டார் தண்ணீர் உப்பு. அது காய்ந்தால் உப்பு போர்டிலேயே தங்கிவிடும். பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையில் பேட்டரித் தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் 100 ரூபாய்க்கு வாங்கினேன். உப்பு நீக்கிய தண்ணீர் அது. போர்டு கழுவ அதைவிட மலிவான நல்ல பொருள் எனக்குத் தெரியாது. கடைசி அலசலுக்கு மட்டும் ஐ.பி.ஏ. என்று நாங்கள் சொல்லும் ஸ்பிரிட், ஒரு லிட்டர் 350.

கழுவும் முன் ஒரு வேலை இருந்தது. ஆட்டம் முழுவதும் பதிந்திருக்கும் ஈப்ராம் ஐசிகளின் தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே எழுதியது அழிந்துவிடும். அழிப்பதற்காகவே வைத்த ஜன்னல் அது. நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் போதும், முஸ்தபா மிஞ்ச மாட்டார். அதனால்தான் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வெள்ளத்தில் கீழ் வரிசை ஸ்டிக்கர்கள் ஊறி உரிந்து, ஜன்னல்கள் திறந்து கிடந்தன. குனிந்து பார்த்தால் உள்ளே அரிசி மணியளவு சில்லு, சுற்றிலும் தலைமுடியை விட மெல்லிய கம்பிகள். வெயிலில் காய வைக்கச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு ஜன்னலிலும் கறுப்பு டேப் ஒட்டினேன்.

பிறகு அத்தனை ஐசியையும் பிடுங்கினேன். இருபதுக்கு மேல். எது எந்தச் சாக்கெட்டில், பள்ளம் எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்து, ஒரு தெர்மாகோல் துண்டில் அதே வரிசையில் குத்தி வைத்தேன். கீழ் வரிசையில் ஒன்றைக் கிளப்பும்போது மெல்லிய ‘டிக்’. ஒரு கால் சாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. அந்தக் கால்கள் இரும்பு கலந்தவை. முலாம் போன இடத்தில் துரு ஏறினால் தோள்பட்டையில் முறியும். 28 கால் ஐசி, 27 காலோடு என் கையில். அதில் இருப்பதற்கு மாற்று என்னிடம் இல்லை. லென்ஸ் மாட்டிக்கொண்டு, முறிந்த இடத்தில் ஐசியின் கூட்டை அரம் வைத்து இம்மி இம்மியாகத் தேய்த்தேன். குண்டூசித் தலையளவு உலோகம் பளிச்சென்று தெரிந்தது. அதில் ஃபிளக்ஸ் தடவி, ஒரு ரெசிஸ்டரின் காலை வெட்டி வைத்து, ஒரு துளி ஈயம். சூடு ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது. பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வேறு வேலை பார்க்கவில்லை.

சாக்கெட்டுகளுக்கு அடியில், நான் எதிர்பார்த்த மாதிரியே, சகதி. பழைய டூத் பிரஷ், பேட்டரித் தண்ணீர், மறுபடி பிரஷ். வெளியே வரும் நீர் தெளியும்வரை. பச்சை ஏறிய ஐந்து சாக்கெட்டுகளை மாற்றினேன். ஓரத்து 56 விரல்களை ஸ்கூல் ரப்பரால் தேய்த்ததும் மங்கல் போய்விட்டது. அதைக் கவ்வும் கனெக்டரின் உள் ஸ்பிரிங்குகள்தான் கறுத்துத் தளர்ந்திருந்தன. புதுக் கனெக்டர் 180 ரூபாய். முழு ஒயர் கொத்தோடு வாங்கினால் இரண்டு மடங்குக்கு மேல். கனெக்டரை மட்டும் வாங்கி, பழைய ஒயர்களையே ஈயம் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கு பாதிதான் பலித்தது. ஒயரின் நுனியைச் சீவினால் உள்ளே செம்பு கரி மாதிரி இருந்தது. ஈயம் ஒட்டவேயில்லை. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போல, பின்னிய இழைகளுக்கு நடுவே தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது. வெளியே பிளாஸ்டிக் புதிதாகத் தெரிகிறது. ஒரு அங்குலம் வெட்டினேன், கறுப்பு. இன்னொன்று, கறுப்பு. சிலவற்றில் சகதிக் கோட்டுக்கு மேலும் நான்கு அங்குலம் போன பிறகுதான் செம்பு மின்னியது. இதனால் எல்லா ஒயரும் குட்டையாகி, எது எங்கே போகிறது என்ற குழப்பமும் சேர்ந்தது. 1997-ல் நான் கையில் கிடைத்த ஒயரையெல்லாம் போட்டிருந்தேன். ஒரே நிறத்தில் ஆறு ஒயர். அடையாளத்துக்கு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டுகள் நீலக் கறைகளாக இருந்தன.

பெட்டிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்த பேரன்தான் சொன்னான், “அங்கிள், இங்க ஏதோ எழுதியிருக்கு.”

சகதியைத் துடைத்தால், பக்கப் பலகையின் உள்புறம், அண்ணனின் சாய்ந்த எழுத்து. நான் ஒயர் போடப் போட அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்திருக்கிறார். எனக்கு அது ஞாபகமே இல்லை. ‘இடமிருந்து 3, 4 – தடிச் சிவப்பு – 5’. ‘16 – காசு’. ‘18 மேல், 19 கீழ், 20 இடது, 21 வலது’. கடைசி வரை அப்படியே இருந்தது. ஆசாரிகள் காதில் செருகுவது பென்சில். பென்சில் கரி தண்ணீரில் கரையாது. இரண்டு நாள் சாக்கடையில் கிடந்தும் ஒரு எண் அழியவில்லை. பையன் வாசிக்க வாசிக்க நான் ஒவ்வொன்றாக ஈயம் வைத்தேன்.

பவர் சப்ளையைத் திறந்து பார்த்து மூடிவிட்டேன். டிரான்ஸ்பார்மர் சுற்றுக்குள் தண்ணீர் போயிருந்தால் அதை நம்பக் கூடாது. தவிர அதே மாதிரி புதிது வாங்கினால் பட்ஜெட்டில் பாதி போய்விடும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை ரிச்சி தெருவில் 250-க்கு வாங்கினேன். பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் அது ஓடத் தொடங்கும். 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் அதில் உண்டு. பெட்டியில் பொருத்தி அளந்தபோது சப்ளை முனையில் 5.02. போர்டின் மேல் அளந்தால் 4.71. மீதி ஒயரிலேயே கரைந்துபோகிறது. 4.71-ல் ஆட்டம் நடுவில் தானே முதலிலிருந்து தொடங்கும்; பலர் போர்டு கெட்டது என்று முடிவு கட்டுவது இங்கேதான். சிவப்பிலும் கறுப்பிலும் தலா இரண்டு ஒயர் சேர்த்துக் கொடுத்ததும் 4.96 வந்தது.

மர வேலைக்கு வருகிறேன். அண்ணன் பக்கங்களுக்கு நல்ல முக்கால் அங்குல பிளைவுட் போட்டிருந்தார். அடித்தட்டுக்கு மட்டும் கையிலிருந்த பார்ட்டிகிள் போர்டு. அது டீயில் நனைத்த பிஸ்கட்டாகியிருந்தது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை ஒருமுறை உப்பினால் திரும்ப அடங்காது. அள்ளித்தான் எடுத்தேன். பிளைவுட் பக்கங்கள் கீழிருந்து ஏழு அங்குலம் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன. எட்டு அங்குலத்தில் கோடு போட்டு, சிதறாமலிருக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, ரம்பத்தால் நேராக அறுத்தேன். அதற்கு மேல் லேசாக வாய் திறந்த ஏடுகளுக்குள் ஊசி சிரிஞ்சில் ஃபெவிகால் ஏற்றி, இருபுறமும் கட்டை வைத்து கிளாம்ப் போட்டு ஒரு இரவு விட்டேன். கீழே புதுப் பீடம். மரைன் பிளைவுட், 710 முத்திரை போட்டது, வெட்டுத் துண்டாக 850 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் பசை கொதிநீருக்கே விடாது. வெட்டிய விளிம்பைப் பச்சையாக விடாமல் இரண்டு பூச்சு எனாமல் கொடுத்தேன். தண்ணீர் நுழைவது எப்போதும் விளிம்பில்தான். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பழைய பவர் சப்ளை இருந்த அடித்தட்டில் வைக்காமல், சகதிக் கோட்டுக்கு ஒரு அடி மேலே புதுத் தட்டில் வைத்தேன். போர்டையும் மேலே ஏற்றினேன்.

பெயின்டுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் பாதியை வேறொன்றுக்குச் செலவழித்தேன். 1997-ல் நான் இந்தப் பெட்டிக்குப் போட்டது இரண்டு பின் பிளக். எர்த் கிடையாது. ஜாய்ஸ்டிக் பலகை மேல் தகரம். அத்தனை வருடம் எத்தனை பிள்ளைகள் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று அந்தத் தகரத்தில் இரண்டு கையையும் ஊன்றியிருப்பார்கள்! ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. தகரம், டியூப் சட்டம், எஸ்.எம்.பி.எஸ். கூடு மூன்றையும் பச்சை ஒயரில் சேர்த்து மூன்று பின் பிளக்கில் முடித்தேன். சின்ன எம்.சி.பி. ஒன்றும் வைத்தேன். வீட்டு மெயினில் டிரிப்பர் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்று பார்த்தேன். விழுந்தது. அக்காவிடம், “பெயின்ட் பளபளன்னு வராதுக்கா” என்றேன். “புள்ளைங்க தொடுறதுப்பா, அதைப் பாரு” என்றார்.

டிசம்பர் 30, சனிக்கிழமை. எங்கள் தொழிலில் சந்தேகப்பட்ட எதையும் நேராக மெயினில் போடுவதில்லை. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் சேர்த்து அதன் வழியாகக் கொடுப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், பொருள் பிழைக்கும். முதலில் டிவி பக்கம் மட்டும். பல்பு பளீரென்று எரிந்தது, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், மெல்ல மங்கிச் சிவந்த இழையாக நின்றது. டியூபில் சரசரவென்று ஒரு சத்தம், பிறகு வெளிச்சம். டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் எல்.ஓ.டி. பக்கத்தில் காது வைத்துக் கேட்டேன். ஈரத்தில் கசியும் ‘ஸ்ஸ்’ ஓசை இல்லை. பிறகு போர்டையும் சேர்த்தோம்.

படம் வந்தது. ஆட்கள் மட்டும் உடம்பெல்லாம் கோடு கோடாக, தட்டிக்குப் பின்னால் நிற்பது மாதிரி தெரிந்தார்கள். பின்னணி சுத்தம். பையன் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அது நல்ல செய்தி. ஆட்களின் படம் உள்ள ஐசிகளில் ஒன்று சரியாகத் தொடவில்லை, அவ்வளவுதான். அணைத்து, நான் கால் வைத்த ஐசியை எடுத்துப் பார்த்தேன். ரெசிஸ்டர் கால் கொஞ்சம் மெலிது, சாக்கெட்டின் பிடிக்குள் ஆடுகிறது. அதன் மேல் மெல்லியதாக ஈயம் பூசித் தடிமனாக்கிச் செருகினேன். முஸ்தபா முழு உருவத்தோடு நின்றார்.

காசுப் பெட்டியிலிருந்து அலசி வைத்த ஒரு ரூபாய்களை அக்கா ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். 90-களின் எஃகுக் காசு, துருவே இல்லை. 2011-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் அளவில் சிறியது. அண்ணன் வெட்டிய துளையில் போட்டால் நெம்பைத் தட்டாமல் நழுவிவிடும். அதனால் அந்த வீட்டில் பழைய காசுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். பையன் ஒன்றைப் போட்டான்.

செலவு 3,550 ஆனது. மீதி 450-ஐ அக்கா என் சட்டைப் பையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன், அது அவர் மரியாதை.

பிப்ரவரி இரண்டாம் வாரம், நாற்பது நாள் கழித்து, யாரும் கூப்பிடாமலே போனேன். பின் கதவைத் திறந்து, கீழ் வரிசையில் மூன்று ஐசிகளைக் கிளப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாக்கெட்டுக்கு அடியில் போர்டு சுத்தமாக இருந்தது, பச்சை இல்லை. திரும்பச் செருகினேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் புது ஒயர்களுக்கு இன்னும் குறிப்பு எழுதவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பென்சில் வாங்கி, அண்ணனின் எழுத்துக்குக் கீழே எழுதிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, அடுத்த மழைக்கு முன்னாடி அடில இன்னொரு வரிசை கல்லு வெச்சிடலாமா?” என்றார் அக்கா.

“இப்பவே வெச்சிடலாம்க்கா, கல் இருக்கா?” என்றேன். மாடிப்படிக்குக் கீழே எட்டு செங்கல் இருந்தது.